பதினோராவது கைமுறுக்கு

என் கணவர் தாணுலிங்கம் எந்த போல்ட்டையும் ஒரே தடவையில் முறுக்கி முடித்ததில்லை. முதலில் விரலால் எவ்வளவு போகுமோ அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் விட்டு, சில சமயம் ஒரு மாதம் விட்டு, ஸ்பேனர் வைத்து முழுதாக முறுக்குவார். மற்ற மெக்கானிக்குகள் ‘கை டைட்’, ‘ஃபுல் டைட்’ என்று சொல்வதை அவர் கைமுறுக்கு, முழுமுறுக்கு என்பார். கைமுறுக்கோடு விட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு துணிக்கீற்றைக் கட்டி வைப்பார். முழுமுறுக்கு ஆனதும் அதை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ‘ஆச்சு’ என்பார். அந்த ‘ஆச்சு’ வரும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

துணி என் பழைய சேலைகளிலிருந்து வரும். கிழிந்ததையும் சாயம் போனதையும் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்காமல் எடுத்ததும் உண்டு. இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துப் பந்தாகச் சுருட்டி ஸ்பேனர் பெட்டியில் வைத்திருப்பார்.

கல்யாணமான புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு சனிக்கிழமை அவர் போனில் பேசுவதைக் கேட்டேன். “பின்னால எல்லாம் கைமுறுக்குதான் கெடக்கு ஓய். நாளைக்கு வாரும், ரெண்டு பேருமா முடிச்சிரலாம்.” ஞாயிற்றுக்கிழமை தோறும் யாரோ கூட்டாளியோடு உட்கார்ந்து முறுக்கு தின்னத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வடசேரிச் சந்தையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வைத்தேன். அவர் கிளம்பும்போது முன்னால் நீட்டி, “அம்புட்டு தூரம் எதுக்குப் போறிய? இங்கயே இருந்து தின்னுங்க” என்றேன். அவர் முறுக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பாக்கெட்டை அப்படியே கொண்டுபோய் மைதீன் கனியிடம் கொடுத்து நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இருபது வருடமாகக் கனி அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “தங்கச்சி, இன்னைக்கு கைமுறுக்கு உண்டுமா?” என்று கேட்காமல் இருந்ததில்லை.

கனி அண்ணனுக்குக் கோட்டாறில் பழைய இரும்புக் கடை. உடைக்க வரும் வண்டிகளில் எது எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். இன்னொரு கூட்டாளி ஜெப்சன். வயதில் சிறியவன், தக்கலையில் லேத் வைத்திருக்கிறான். எங்கும் கிடைக்காத சாமானைக் கடைந்து கொடுப்பது அவன் வேலை. இந்த இரண்டு பேரும் இல்லாமல் என் கணவர் ஒரு லாரியையும் எழுப்பியிருக்க முடியாது. அதை அவரே சொல்வார்.

அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். பதினாறு வயதில் ஒரு செங்கல் லாரியில் கிளீனராக ஏறி, பத்தொன்பது வருடம் லாரியிலேயே இருந்தார். முதுகு ஒத்துவராமல் போனபிறகு பூதப்பாண்டியில் பள்ளி வேன் ஓட்டினார். காலையும் மாலையும் பிள்ளைகளுக்கு. நடுவில் கிடைத்த நேரமும் ஞாயிறும் லாரிக்கு. இரண்டு பழைய லாரிகளை எழுப்பி ஓட்டிக் கொடுத்திருக்கிறார். ஒன்று குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தண்ணீர் சுமக்கிறது. இன்னொன்று குளச்சலில் ஐஸ் லோடு அடிக்கிறது. அந்தப் பக்கம் எப்போதாவது போனால் பஸ் ஜன்னல் வழியாக அதைத் தேடிப் பார்ப்பார். கண்ணில் பட்டால் முகம் மலரும்.

மூன்றாவது லாரியைத்தான் அவரால் முடிக்க முடியவில்லை. மூக்கு நீண்ட பழைய மாடல். ஆரல்வாய்மொழியில் கைவிட்ட ஒரு சூளைக்குப் பின்னால் கிடந்தது. லாரியின் தளத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு வேப்பமரம் ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்திருந்தது.

“மரத்த மூட்டோட அறுத்துட்டா அரை மணிக்கூறு வேலை அண்ணே” என்றானாம் ஜெப்சன்.

“அது என்ன பாவம் செஞ்சுது மக்கா? மனுசன்தானே லாரிய அங்கன விட்டான்” என்று இவர் நாலு ஞாயிறு உட்கார்ந்து, தளப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரத்திலிருந்து லாரியை வெளியே எடுத்தார். மரம் இன்னும் அங்கே நிற்கிறது.

லாரியைத் தெரிசனங்கோப்பில் ஒரு தென்னந்தோப்பில் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு நாலு வருடம் சாமான் தேடல். எஞ்சின் ஒரு மரமில்லில் ஈர்வாளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் புனலூரிலிருந்து வந்தது. பானட் எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருந்தது. புதிய தகரக்கூரை போட்டுத் தருகிறேன் என்று இவர் கேட்டபோது அந்த வீட்டுக்காரர், “எனக்குச் சம்மதம்தான் ஓய். கோழிகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடும்” என்றிருக்கிறார். ஸ்டியரிங் வளையம் குளச்சலில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் இருந்தது. வள்ளத்துக்கு அடித்த அதே நீலப் பெயிண்ட் வளையத்தின் மேலும் கனமாக அப்பியிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கண்ணாடித் துண்டால் மூன்று நாள் சுரண்டினார். மீன் வாடை ஒரு பக்கம், நீலப் பொடி ஒரு பக்கம். அரிசி களையும் பாத்திரத்தில்கூட நீலம். “இத வெளிய வச்சுச் செய்யக்கூடாதா?” என்று கத்தினேன். “வெளிய இருந்தா ஒனக்கு யாரு தொணை?” என்றார்.

தோப்பில் லாரி முழுக்க என் சேலைகள் பறந்தன. வழியில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்: “என்ன தாணு, லாரிக்கு நேர்ச்சையா? எந்தச் சாமிக்கு?” அவரைப் பற்றி ஊரில் வேறு பேச்சும் உண்டு. மரை கழண்ட டிரைவர் என்று சொல்வார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. “கழண்ட மரையெல்லாம் இல்லாட்டி எனக்கு என்ன ஜோலி?” என்பார். நான்தான் ஒருநாள் கேட்டேன், எல்லாவற்றையும் ஒரேயடியாக முறுக்கிவிட்டால் என்ன என்று. ஒன்றை இறுக்கினால் அடுத்தது கோணலாகும், எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார நாள் கொடுக்க வேண்டும் என்றார். பழைய சாமான்கள் ஒன்றையொன்று அறியாதவை, வேறு வேறு வண்டியிலிருந்து வந்தவை, பழகட்டும் என்றார்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, வேனை வழக்கமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று. மகள் ஆதிரா பெங்களூரிலிருந்து மறுநாள் காலையில்தான் வந்து சேர முடிந்தது.

பதினாறாம் நாளுக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அவருடைய அக்கா, உமையம்மை மைனி, தோப்புக்கும் ஆள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அது தெரியாது. திரும்பி வரும்போது கையில் ஒரு பாலித்தீன் பை.

“நேர்ந்தவன் போயாச்சு. நேர்ச்சைக்கட்டு மட்டும் எதுக்குக் கெடக்கணும்? ஆத்மா அதையே சுத்திக்கிட்டு கெடக்கும். எல்லாத்தையும் அவுத்துட்டேன். தை அமாவாசைக்கு கன்னியாகுமரியில கொண்டு விட்டிருவோம்” என்றார்.

பைக்குள் என் சேலைத் துண்டுகள். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

மைனியிடம் கோபப்பட முடியவில்லை. தம்பிமேல் உயிர். அது நேர்ச்சை இல்லை, வேலை அடையாளம் என்று அவரிடம் யாரும் எப்போதும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஊர் கேலி செய்ததைத்தான் அவர் கேட்டிருக்கிறார், உண்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மார்கழி பிறந்ததும் தோப்புக்காரர் வந்தார். நல்ல மனிதர். மகன் தை மாதம் அங்கே வீடு கட்டத் தொடங்குகிறான், லாரியை எடுத்துவிட வேண்டும் என்றார். தோப்புக்குள் வர ஒரே வழி, கால்வாயின் மேல் ஒரு சின்னப் பாலம். ஏறியதுமே வளைகிற பாலம். கிரேன் அதில் நுழையாது; எஞ்சின் இல்லாத வெறும் கூடாக வந்தபோது போல ஆள் சேர்த்துத் தள்ளவும் இப்போது முடியாது. ஓட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கேஸ் கட்டர் கொண்டுவந்து அங்கேயே துண்டு போட வேண்டும். துண்டு போடத் தெரிந்த ஆள் ஒருவரையும் அவரே விசாரித்து வைத்திருந்தார். மார்கழி முப்பது வரை தவணை.

வேப்பமரத்தைக்கூட வெட்டாமல் எடுத்த லாரி. அதை வெட்டவிட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டிக்கொண்டு வந்தால் நிறுத்த தன் லேத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றான் ஜெப்சன். லாரியின் காகிதங்களை என் கணவரே முன்பே முடித்து வைத்திருந்தார். பாக்கி இருந்தது அந்தப் பதினொரு இடங்கள்தான். எந்தத் துணியை எங்கே அவிழ்த்தார் என்று மைனிக்கு நினைவில்லை.

கனி அண்ணனும் ஜெப்சனும் வந்தார்கள். முதல் நாள் இருவரும் சரியாகப் பேசவே இல்லை. எங்கள் ஊரில் கழலாத போல்ட், பற்றாத அடுப்பு, சொன்னால் கேட்காத பிள்ளை எல்லாமே ‘சவம்’தான். திட்டுவதும் கொஞ்சுவதும் அந்த ஒரு சொல்லில். அவர்கள் மூன்று பேரும் வேலை செய்யும்போது நிமிடத்துக்கு ஒரு சவம் விழும். அன்று கனி அண்ணன் ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு “இந்தச் சவ—” என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு இரண்டு நாளும் அந்தச் சொல் வரவே இல்லை.

“எல்லாத்தையும் ஒருக்கா முறுக்கிப் பாத்துருவோம்” என்றான் ஜெப்சன்.

“ஒரு லாரியில எத்தன போல்ட்டு உண்டும்னு தெரியுமாலே? பொங்கல் கழிஞ்சிரும்” என்றார் கனி அண்ணன். “அதுவும் சரியா முறுக்கினதப் போட்டு மேல முறுக்கினா மரை போயிரும்.”

நான் பையை அவிழ்த்து, துணிகளை லாரியின் நிழலில் வரிசையாகப் போட்டேன். கல்லூரியில் வேதியியல் படித்தது எனக்கு எதற்காவது உதவியதென்றால் அன்றுதான். ஒரு துண்டில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓரம் கருகியது போல. ஆசிட். அப்படியானால் பேட்டரிப் பக்கம். இன்னொன்றில் பச்சைச் சாயம் அப்படியே உருகி வெளுத்திருந்தது. பிரேக் ஆயில் சாயத்தைத் தின்னும். “பின்சக்கர சிலிண்டர்” என்று ஜெப்சன் ஓடினான். அங்கே நட்டு விரலுக்கே சுழன்றது. டீசல் மணக்கும் துண்டு ஃபில்டருக்குப் போனது. புகைக்கரி படிந்தது சைலன்சருக்கு. கிரீஸில் ஊறிய மூன்றைப் பிரித்தறிய ஒரு பகல் முழுக்க ஆயிற்று. கனி அண்ணன் ஒன்றை முகர்ந்து பார்த்து, “இது பழைய கிரீசு. முன்னமே கட்டின துணி” என்று சொன்னது சரியாகவே இருந்தது. ஒவ்வொரு சேலையும் எனக்குத் தெரியும். எப்போது கிழிந்தது, எப்போது கொடுத்தேன் என்றும் தெரியும். அதை வைத்து எது முந்தியது, எது பிந்தியது என்று நான் சொல்ல, அந்தச் சமயத்தில் எந்த வேலை நடந்தது என்று அவர்கள் சொன்னார்கள்.

மூன்று நாளில் பத்து இடங்கள் கிடைத்தன. பதினோராவது துண்டு சந்தன நிறம், சின்ன இலைகள் போட்டது. கறை இல்லை, வாடை இல்லை. நேற்றுக் கிழித்தது போல இருந்தது. உள்ளபடிக்கு அது கடைசியாகக் கொடுத்த சேலைதான், ஆடி மாதம்.

மார்கழி இருபத்தெட்டு ஆயிற்று. சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் ஜெப்சன் ஆட்டிப் பார்த்துவிட்டான். எல்லாம் கெட்டி.

“பத்து ஆச்சு. ஒண்ணுதானே? ஏதாவது கதவுக் கொண்டியா இருக்கும்” என்றார் கனி அண்ணன். “நான் மெள்ள ஓட்டி வெளிய எடுத்துருதேன். பாலம் தாண்டிட்டா ரோடு. சாவியத் தா தங்கச்சி.”

சாவி என் கையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

“அவிய கட்டின துணி. ஒண்ணுமில்லாத எடத்துல அவிய கட்டமாட்டாவ.”

“நாளை மறுநாள் கட்டர் வருவானே அக்கா” என்றான் ஜெப்சன்.

“வெட்டினா வெட்டட்டும். அது எங்கன உள்ளதுன்னு தெரியாம ஒருத்தரும் அந்த சீட்டுல இருக்கப்பிடாது.”

கனி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் அடுக்களையில் பால் பொங்குவதற்குக் காத்து நின்றுகொண்டே அதை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தேன். முடிச்சு இருந்த இடத்தில் துணி சுருங்கி ஒரு மடிப்பு கெட்டியாகியிருந்தது. அதை நகத்தால் நீவி விட்டபோது ஏதோ தரையில் உதிர்ந்தது. கடுகைவிடச் சின்னது. குனிந்து பார்த்தேன்.

நீலம்.

அந்த நீலத்தை நான் மூன்று நாள் பெருக்கியிருக்கிறேன். அரிசியிலிருந்து பொறுக்கியிருக்கிறேன். கனி அண்ணனுக்கும் ஜெப்சனுக்கும் அது தெரிய வழியில்லை. அவர்கள் பார்க்கும்போது வளையம் கறுப்பாகிவிட்டிருந்தது. சுரண்டிய பிறகும் வளையத்தின் உள்கம்பிகளின் அடிப்பக்கத்தில், கண்ணாடி எட்டாத இடத்தில், கொஞ்சம் நீலம் மிஞ்சியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். “அங்க போகட்டும் ஏட்டி, யாரு பாக்கப்போறா?” என்று சொல்லிவிட்டு அதன்மேலேயே கறுப்பு அடித்திருந்தார்.

ஜெப்சனுக்குப் போன் செய்தேன். “ஸ்டியரிங்கப் பாத்தியா?”

“அது நல்ல கெட்டி அக்கா. ரெண்டு கையாலயும் இழுத்துப் பாத்தேனே.”

“இன்னொருக்கா பாரு. ஹார்ன் மூடியக் கழத்திப் பாரு.”

நான் தோப்புக்குப் போய்ச் சேரும்போது இருவரும் லாரிக்குள் இருந்தார்கள். மூடி கழன்று சீட்டில் கிடந்தது. வளையம் தண்டின் பற்களில் கவ்வி உட்கார்ந்திருந்ததால் அசையவில்லை. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய நடு நட்டை ஜெப்சன் இரண்டு விரலால் சுழற்றிக் காட்டினான். நட்டு மூடிக்குள் மறைந்துவிடும், அதில் துணி கட்ட முடியாது. அதனால் பக்கத்துக் கம்பியில் கட்டியிருக்கிறார்.

கனி அண்ணன் கண்ணாடி வழியாகப் பாலத்தைப் பார்த்தார், அதன் வளைவைப் பார்த்தார். ஜெப்சனிடமிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். முழுமுறுக்கு. கடைசித் திருப்பில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த ‘ஆச்சு’வைச் சொல்ல ஆள் இல்லை. ஜெப்சன் என்னைப் பார்த்தான். என்னாலும் சொல்ல முடியவில்லை.

சாவியைக் கொடுத்தேன். எஞ்சின் முதலில் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் இருமிவிட்டு நின்றது. மூன்றாம் தடவை, என்னை அறியாமல், “சவம், ஒண்ணு ஸ்டார்ட் ஆயித் தொலையேன்” என்றேன்.

கனி அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஜெப்சனும் பார்த்தான். முதலில் ஜெப்சன்தான் சிரித்தான். பிறகு கனி அண்ணன், வயிறு குலுங்க. “சொல்லு தங்கச்சி, இன்னொருக்கா சொல்லு. ஒன் சொல்லுக்குத்தான் அது காத்துக்கெடக்கு.” அடுத்த தடவை எஞ்சின் பிடித்தது. தென்னை மரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின.

லாரி பாலத்தில் ஏறி, வளைந்து, ரோட்டுக்குப் போனது. நான் பின்னால் நடந்தேன். தோப்பில் சக்கரங்கள் நாலு வருடம் நின்ற இடத்தில் நாலு பள்ளங்கள் இருந்தன. மறுநாள் வந்த கட்டர்காரர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம்.

லாரி இப்போது தக்கலையில் நிற்கிறது. ஞாயிறு தோறும் ஜெப்சன் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துகிறான். போன மாதம் அடுத்த தெருவில் ஒரு குடும்பம் வீடு மாறும்போது சாமான் ஏற்றியிருக்கிறது. பீரோ, கட்டில், ஒரு கோழிக்கூடு. கோழிக்கூடு ஏற்றினதைக் கனி அண்ணன் எனக்குத் தனியாகப் போன் செய்து சொன்னார்.

தை அமாவாசைக்கு மைனியோடு கன்னியாகுமரிக்குப் போனேன். கூட்டம் அதிகம். படியில் உட்கார்ந்து சடங்கு முடித்தபிறகு மைனி பையிலிருந்து துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக அலையில் விட்டார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே விட்டார். பத்தில் நின்றார். பையை உதறிப் பார்த்தார்.

“பதினொண்ணுலா இருந்துது? நான்தானே அவுத்தேன்.”

“ஒண்ணு வீட்டுல இருக்கு மைனி.”

“அது எதுக்கு?”

பின்வாசல் குழாய் சொட்டுகிறது. புதிய வாஷரை நானே போட்டு, விரலால் எவ்வளவு போகுமோ அவ்வளவு முறுக்கி, சந்தன நிறத் துணியை அதில் கட்டியிருக்கிறேன். ஸ்பேனர் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் மைனியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“அதுல இன்னும் வேலை கெடக்கு மைனி” என்றேன்.